அரியமான் மணலில் பார்த்த வெள்ளைப் பூச்சிக்கு ஏன் இத்தனை பெயர்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் கடைசியில் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்கள். சவுக்குத் தோப்பைத் தாண்டி வெட்டவெளி மணலில் நடக்கும்போது, நல்ல வெயிலில், காலடியிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பூச்சி எழும்பிப் பத்தடி தள்ளிப் போய் மறுபடி உட்கார்ந்திருக்கிறது. இறக்கை முழுக்கச் சிவப்பும் கறுப்புமாய்ப் புள்ளிகள். படம் எடுத்து வீட்டுக்கு வந்து தேடினால் ஒரு பட்டியல் அதை ஆர்க்டிடே குடும்பம் என்கிறது, இன்னொன்று எரிபிடே என்கிறது. ஒருவர் யூடெதீசா புல்கெல்லா என்றார், இன்னொருவர் யூடெதீசா லோட்ரிக்ஸ் என்றார். பரவல் வரைபடத்தில் ஆப்பிரிக்காவும் தென் ஐரோப்பாவும் நிறைந்து கிடக்க, ராமநாதபுரம் கரையில் ஒரு புள்ளிகூட இல்லை. "எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெயர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது ஒன்று. ஒரு பூச்சி எங்கே வாழ்கிறது என்று வரைபடம் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் முதலாவதற்கு மட்டும் பெயர் சொல்லி அனுப்பினால், அடுத்த முறை வேறொரு பூச்சியோடு இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

நான் விலங்கியல் படித்தவன். கல்லூரியில் பாடம் எடுத்த காலத்திலும், அதற்குப் பிறகும், மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் வெள்ளை வேட்டியைத் திரைபோல் கட்டி விளக்கு வைத்து அந்துப்பூச்சி பார்த்து வருகிறேன். புது இனங்களை விவரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல் நிபுணன் அல்ல. ஆனால் இந்தப் பேரினத்தோடு, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த இந்தக் கூட்டத்தோடு, எனக்குப் பழக்கம் அதிகம். அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் அப்படிச் சொல்ல முடியாததையும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது பேரினம். நீங்கள் பார்த்தது யூடெதீசா என்ற அந்துப்பூச்சிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்னிறக்கை வெள்ளை, அதில் வரிசை வரிசையாகச் சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வரும் புள்ளிகள். பின்னிறக்கை வெள்ளை, விளிம்பில் அகலம் ஒரே மாதிரி இல்லாமல் நெளிந்து ஓடும் கறுப்புக் கரை. இறக்கையை விரித்தால் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். உட்காரும்போது இறக்கையை உடம்போடு சுற்றி ஒட்டிக்கொள்வதால் ஒரு சிறு குச்சி கிடப்பது போல் இருக்கும். இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடிய இன்னும் இரண்டு பூச்சிகள் அதே செடிகளில் வாழ்கின்றன: ஆர்ஜினா ஆஸ்ட்ரியா, மாங்கினா ஆர்கஸ். இவையும் புள்ளி போட்டவை, இவற்றின் புழுவும் கிலுகிலுப்பைச் செடியையே தின்னும். ஆனால் அவற்றின் அடிநிறம் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் இருக்கும், உருவமும் பெரிது. இந்த இரண்டும் நெடுங்காலம் ஆர்ஜினா என்ற ஒரே பேரினத்தில் கிடந்தவை. மாங்கினா 2001இல்தான் தனியாகப் பிரிந்தது. வெள்ளை அடிநிறம் என்று நீங்கள் சொன்ன உடனேயே இந்த இரண்டும் விலகிவிட்டன.

குடும்பப் பெயர்க் குழப்பத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் இப்போது சண்டை இல்லை. பழைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் இந்தப் பூச்சிகள் ஆர்க்டிடே என்ற தனிக் குடும்பம். புழுவின் உடம்பில் கரடிபோல் முடி இருப்பதால் வந்த கிரேக்கப் பெயர் அது. நம் ஊரில் கம்பளிப்புழு என்று சொல்லும் பல புழுக்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. பிறகு மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியபோது, இவை நாக்டுயிடே என்ற மாபெரும் குடும்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தனிக் கிளை அல்ல, அதில் சேர்த்து வைத்திருந்த ஒரு பகுதியின் நடுவிலிருந்தே கிளைத்தவை என்று தெரிந்தது. கிளையை மட்டும் வெட்டித் தனிக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால் மீதி மரம் ஓட்டையாகிவிடும். அதனால் 2006 வாக்கில் சிலர் எல்லாவற்றையும் நாக்டுயிடேக்குள்ளேயே அடக்கினார்கள். 2011, 2012இல் வந்த விரிவான மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு எரிபிடே என்ற குடும்பம் நிலைபெற்றது. பழைய ஆர்க்டிடே அதற்குள் ஆர்க்டினே என்ற துணைக்குடும்பமானது. ஆக, நீங்கள் பார்த்த பட்டியல் ஆர்க்டிடே என்றால் அது பழையது அல்லது பழையதைப் பார்த்து எழுதியது. நாக்டுயிடே என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 2006க்கும் 2011க்கும் இடைப்பட்டது. எரிபிடே என்பதே இன்றைய வழக்கு. பூச்சி மாறவில்லை, அதை வைத்திருக்கும் அலமாரித் தட்டு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனப் பெயரில் வரும் குழப்பம் அப்படிப்பட்டது அல்ல. அங்கே ஒரு பெயரைத் தவறாகப் போட்டால், ஒரு உயிரின் வாழிடத்தையே தவறாக வரைந்துவிடுவோம். லின்னேயஸ் 1758இல் புல்கெல்லாவுக்குப் பெயர் வைத்தார். இன்று துணியை அரிக்கும் பூச்சிகளைக் குறிக்கும் டீனியா என்ற பிரிவில் அதைச் சேர்த்திருந்தார். அந்தக் காலத்தில் அந்தப் பிரிவு அவ்வளவு விரிந்து கிடந்தது. லோட்ரிக்ஸ் என்ற பெயர் 1777இல் கிராமர் வைத்தது. யூடெதீசா என்ற பேரினப் பெயரை ஹூப்னர் 1819இல் உருவாக்கினார். பழைய நூல்களில் டையோபியா என்று பார்த்தால் அதுவும் இதே கூட்டம்தான். 1907இல் ஹாம்ப்சன் மூன்றாவதாக ஒன்றுக்கு புல்கெல்லாய்டிஸ் என்று பெயர் வைத்தார். 'புல்கெல்லாவைப் போன்றது' என்று பொருள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது பாருங்கள்.

இந்த மூன்றும் மேல்தோற்றத்தில் உடன்பிறந்தவை போல இருக்கும். சிவப்புப் புள்ளியின் அளவு, கறுப்புப் புள்ளிகளின் நெருக்கம், பின்னிறக்கைக் கரையின் அகலம் ஆகிய எல்லாமே ஒரே இனத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று மாறும். இதை முறையாகப் பிரித்துக் காட்டியவர் கார்ல் ஜோர்டான் என்ற பூச்சியியல் அறிஞர். பழைய உலகத்து யூடெதீசாக்களில் எந்த வேறுபாடு நிலையானது, எது ஆளுக்கு ஆள் மாறுவது என்று 1939இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நம்பகமான அடையாளம் ஆண் பூச்சியின் பிறப்புறுப்பு அமைப்பில் இருக்கிறது, இறக்கைப் புள்ளியில் இல்லை. வயிற்றின் நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இது தெரியும்.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1939க்கு முன்னால் இந்தியாவிலும் இலங்கையிலும் கிழக்குத் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படி ஒரு வெள்ளைப் பூச்சியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் புல்கெல்லா என்றே எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகும் பலர் பழைய பட்டியலைப் பார்த்தே எழுதினார்கள். அந்தப் பதிவுகளையெல்லாம் கூட்டி வரைந்தால் புல்கெல்லா போர்ச்சுகலிலிருந்து பசிபிக் வரை பரவியதாகத் தெரியும். அது உண்மை அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பழைய 'புல்கெல்லா' பதிவுகள் உண்மையில் லோட்ரிக்ஸும் புல்கெல்லாய்டிஸும்தான். நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். என் முதல் பத்து வருடக் குறிப்பேடுகளில் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், வாலிநோக்கம் என்று எல்லா ஊருக்கும் நேராக 'புல்கெல்லா' என்று எழுதியிருந்தேன். ஜோர்டானின் கட்டுரையைப் படித்த பிறகு அவற்றையெல்லாம் எடுத்து, பெயரை அடித்துவிட்டு, 'யூடெதீசா, இனம் பார்க்கவில்லை' என்று மாற்றி எழுதினேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக ஒரு பதிவு வைத்துவிட்டுப் போனால், எனக்குப் பிறகு அதை நம்பி வேலை செய்பவரை நான் ஏமாற்றியதாகும்.

சரி, இன்று தெளிவாக இருக்கும் பரவல் என்ன? புல்கெல்லா மேற்கின் பூச்சி. ஆப்பிரிக்கா, மத்தியதரைக்கடலைச் சுற்றிய நாடுகள், மேற்கு ஆசியா, அங்கிருந்து இந்தியா வழியாக மியான்மர் பக்கம் வரை வருகிறது. லோட்ரிக்ஸ் கிழக்கு முகம் கொண்டது: தெற்கு ஆசியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா வரை. புல்கெல்லாய்டிஸ் தீவுகளின் பூச்சி. சீஷெல்ஸ், சாகோஸ் போன்ற இந்தியப் பெருங்கடல் தீவுகளில் தொடங்கி போர்னியோ, தைவான், நியூகினி, ஆஸ்திரேலியா வரை காணப்படுகிறது. அமெரிக்கக் கண்டத்தில் ஆர்னாட்ரிக்ஸ் என்ற இளஞ்சிவப்பு இனம். லின்னேயஸ் அதற்கு ஆர்னாட்ரிக்ஸ், பெல்லா என்று இரண்டு பெயர்கள் கொடுத்திருந்தார், நிறம் இடத்துக்கு இடம் அவ்வளவு மாறும். இரண்டும் ஒன்றே என்று பின்னால்தான் ஏற்றுக்கொண்டார்கள். கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் உலகில் வேறெங்கும் இல்லாத யூடெதீசாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 2009இல்தான் பெயர் பெற்றது.

இப்போது வரைபடத்தில் நம் இடத்தைப் பாருங்கள். மேற்கிலிருந்து வரும் இனமும் கிழக்கிலிருந்து வரும் இனமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நாடு இந்தியா. அதிலும் தீவுகளின் பூச்சி தெற்கே கடலில் சுற்றிக்கொண்டிருக்க, நாம் கடலுக்குள் நீட்டிய மூக்கில் உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே அரியமானில் எடுத்த ஒரு படத்தை வைத்து 'இது புல்கெல்லாதான்' என்றோ 'லோட்ரிக்ஸ்தான்' என்றோ சொன்ன இரண்டு பேருமே தங்களிடம் இருந்த ஆதாரத்தைவிட அதிகமாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் படத்துக்கு நேர்மையான பெயர் 'யூடெதீசா, புல்கெல்லா–லோட்ரிக்ஸ் கூட்டம்' என்பதுதான். இதைக் குறைந்த பதில் என்று நினைக்காதீர்கள்.

பரவலைப் புரிந்துகொள்ள வரைபடத்தைவிடச் செடியைப் பார்ப்பது நல்லது. இந்தப் புழுக்கள் தின்பது பெரும்பாலும் இரண்டு கூட்டத்துச் செடிகளை. ஒன்று கிலுகிலுப்பை, காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுவென்று ஒலிக்குமே, அந்தச் செடி. பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் சணப்பும் அதே பேரினம்தான். சணப்பை விதைக்காக விட்டவர்களுக்கு, காயைத் துளைத்து உள்ளே பச்சை விதையைத் தின்னும் இந்தக் கம்பளிப்புழுவை நன்றாகத் தெரியும். சாம்பல் கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு, கணுவுக்குக் கணு குறுக்கே ஆரஞ்சுக் கீற்று. மற்றொரு கூட்டம் தேள்கொடுக்கும் அதன் உறவுகளும். பூங்கொத்து தேளின் கொடுக்கு மாதிரி சுருண்டு இருப்பதால் அந்தப் பெயர். கவிழ்தும்பையும் இந்த உறவில் வருவதே.

இரண்டு கூட்டத்துக்கும் தாவரக் குடும்பத்தில் உறவே கிடையாது. ஒன்று அவரைக் குடும்பம், மற்றது வேறு. பிறகு ஏன் ஒரே புழு இரண்டையும் தேடிப் போகிறது? இரண்டிலும் ஒரே வகை நஞ்சு இருக்கிறது. பைரோலிசிடின் அல்கலாய்டு என்று சொல்வார்கள். ஆடு மாடு அளவுக்கு மீறித் தின்றால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. யூடெதீசாவின் புழு அதைத் தின்று, செரித்து வெளியேற்றாமல் உடம்பிலேயே சேமித்து வைக்கிறது. பூச்சியாக மாறிய பிறகும் அது உடம்பில் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னரும் அவரோடு வேலை செய்தவர்களும் அமெரிக்க இனமான ஆர்னாட்ரிக்ஸை வைத்து இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். வலையில் விழுந்த பூச்சியைச் சிலந்தி தொட்டுப் பார்த்துவிட்டு, தின்னாமல், சுற்றியிருக்கும் இழைகளைத் தானே அறுத்து விடுவித்துவிடுமாம். அதைவிட என்னை உட்கார வைத்தது வேறொன்று. ஆண் பூச்சி தன் நஞ்சிலிருந்தே ஒரு மணத்தைச் செய்து பெண்ணுக்கு முன் வீசுகிறது. எவ்வளவு நஞ்சு தன்னிடம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கூடும்போது விந்தோடு சேர்த்து நஞ்சையும் பெண்ணுக்குக் கொடுக்கிறது. அந்தப் பொதியின் எடை ஆணின் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. பெண் அதையும் தன்னுடையதையும் சேர்த்து முட்டைகளில் ஏற்றுகிறது. அப்பா, அம்மா இருவர் கொடுத்த நஞ்சும் காவலாக இருக்க, முட்டையை எறும்பும் வண்டும் தொடுவதில்லை. இது அமெரிக்க இனத்தில் நிறுவப்பட்டது. நம் இனங்களும் அதே நஞ்சுள்ள செடிகளையே தின்கின்றன, பகலில் பயமில்லாமல் பளிச்சென்ற நிறத்தில் பறக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நுணுக்கமும் அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இந்தச் செடிகள் எல்லாம் காட்டுக்குள் நிழலில் வளர்பவை அல்ல. கிளறிய மண், மணல்மேடு, கண்மாய்க் கரை, தரிசு, சாலையோரம் இப்படி வெயில் படும் இடங்களில் மழைக்கு முளைத்து, பூத்து, காய்ந்து போகிறவை. நம் மாவட்டத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். அப்புறம் ராவணன் மீசையும் அடப்பங்கொடியும் பிடித்து வைத்திருக்கும் மணலின் உள்பக்கத்தில், உடைமரத்துக்கும் பனைக்கும் இடையில், கிலுகிலுப்பை மஞ்சளாய்ப் பூக்கும். நான் இந்தப் பூச்சியை அதிகம் பார்ப்பது மார்கழி, தை, மாசியில்தான். பங்குனி வெயிலில் செடி காய்ந்தால் பூச்சியும் அங்கே தென்படாது. இப்படி முளைத்து மறையும் செடியை நம்பி வாழும் பூச்சி ஒரே இடத்தில் கிடக்க முடியாது, பறந்தாக வேண்டும். புல்கெல்லா மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வடக்கே பறந்து அரிதாக இங்கிலாந்துக்கே போய்ச் சேர்கிறது. ஆனால் அங்கே அது குடியிருப்பதில்லை. அந்தப் பூச்சிக்கு, தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருக்கும் சுமார் 30 கிலோமீட்டர் கடல் பெரிய தடையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று ஒரு பக்கம் தள்ளும், வாடை அடிக்கும் மாதங்களில் இன்னொரு பக்கம். ஆனால் இது என் ஊகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் கரையில் யாரும் பூச்சிக்கு அடையாளம் போட்டுப் பறக்கவிட்டு எதிர்க்கரையில் பிடித்ததாக நான் படித்ததில்லை.

ஆக, வரைபடத்தில் வைக்கும் ஒரு புள்ளி 'இங்கே ஒரு நாள் ஒருவர் பார்த்தார்' என்று மட்டுமே சொல்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் புள்ளிக்கும் இங்கே நீங்கள் வைக்கப்போகும் புள்ளிக்கும் அர்த்தம் ஒன்றல்ல. இங்கே புழுவும் செடியும் இருக்கின்றன, அங்கே பெரும்பாலும் வழி தப்பி வந்த பூச்சி மட்டுமே. ராமநாதபுரத்தில் புள்ளி இல்லாததற்கு நான் காணும் காரணம், பார்த்து எழுதிவைக்க ஆள் இல்லாதது. பகலில் பட்டாம்பூச்சி பார்க்கப் போகிறவர்கள் இதை அந்துப்பூச்சி என்று விட்டுவிடுகிறார்கள். அந்துப்பூச்சி பார்ப்பவர்கள் இரவில் விளக்கு வைக்கிறார்கள், அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போய் வைக்கிறார்கள். இது விளக்குக்கும் வரும். ஆனால் கடற்கரைப் பொட்டலில் விளக்கு வைப்பவர் எத்தனை பேர்?

நீங்கள் மறுபடி போகும்போது சில காரியங்கள் செய்யுங்கள். மேலிருந்து ஒரு படம், பின்னிறக்கை தெரியும்படி ஒரு படம். அதைவிட முக்கியம், எந்தச் செடியில் உட்கார்ந்தது, அந்தச் செடியில் புழு இருந்ததா என்று பார்ப்பது. கிலுகிலுப்பைக் காயில் ஓட்டை இருந்தால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். தேள்கொடுக்கு என்றால் இலையின் அடிப்பக்கம். புழு கிடைத்தால், தின்றுகொண்டிருந்த அதே செடியின் கிளையோடு துளையிட்ட டப்பாவில் வைத்து, தினமும் புது இலை கொடுத்து வளர்க்கலாம். பூச்சி வெளியே வந்ததும் படமெடுத்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு இயற்கையாகச் செத்துப்போனால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். தேதி, இடம், செடி மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே காகித உறையில் வையுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். ஆண் பூச்சி ஒன்று காய்ந்த நிலையில் கிடைத்தாலே போதும், இனம் எது என்று பிறகு பார்த்துவிடலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே காலே வைக்கக்கூடாது. அதனால் கரையோடு நில்லுங்கள், கரையில் பார்க்க வேண்டியதே ஏராளம்.

பூச்சியைக் கையில் எடுக்க நேர்ந்தால் மெதுவாகப் பிடியுங்கள். தலைக்குப் பின்னால் கழுத்துப் பக்கத்திலிருந்து நுரை மாதிரி ஒரு திரவம் கக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் அந்த விரலை வாயில் வைக்காமல் கையைக் கழுவிவிடுங்கள். போக நல்ல நேரம் காலை எட்டு மணிக்குப் பிறகு, பனி காய்ந்ததும். தை முடிவதற்குள் போனால் கிலுகிலுப்பை பூவும் காயுமாக இருக்கும்.